அண்ணனைவிட ஒரு மார்க் குறைவாக

என் அண்ணனுக்கு வீட்டில் பெயர் இன்ஜினியர். பல் முளைப்பதற்கு முன்பே அப்பா வைத்த பெயர் அது. அப்பாவுக்குச் சிமென்ட்டும் கம்பியும் விற்கிற கடை. கடைக்கு வரும் இன்ஜினியர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசிப் பேசி அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. அந்த நாற்காலியில் தன் பிள்ளை உட்கார வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

எனக்குப் பெயர் வாலு. குறும்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே அனுப்பப்பட்டதால் வந்த பெயர். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு வயது சின்னவளான என்னையும் அதே வகுப்பில் தூக்கி உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதே பெஞ்சு, அதே பாடம், அதே கல்லூரி என்று கூடவே வந்தேன். அவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான் என்றதும் அம்மாவுக்கு வந்த முதல் கவலை படிப்பைப் பற்றியதல்ல.

"தண்ணி கூடச் சுட வைக்கத் தெரியாதேங்க அவனுக்கு. அங்க போய் என்ன பண்ணுவான்?"

அப்படித்தான் நானும் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே கட்டடப் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பித்தேன். "ரெண்டு பிள்ளைங்களையும் வெளிநாட்டுல படிக்க வைக்கிறோம்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பொம்பளப் பிள்ளையையும் அனுப்புகிறார்களே, எவ்வளவு முன்னேறின குடும்பம் என்றார்கள். அண்ணனின் மூட்டை முடிச்சில் நானும் ஒன்று என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை நான் முதலாவதாக வந்து அண்ணன் எங்கோ பின்னால் வந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அப்பா யாரோடும் பேசவில்லை. வீடு எழவு விழுந்ததுபோல் இருந்தது. மறுநாள் தலை பின்னிவிடும்போது அம்மா என் காதோடு சொன்னாள்.

"அவனைவிட ஒரு மார்க்காவது கம்மியா எடுடி. ஆம்பளப் பையன், மனசு ஒடிஞ்சிடும். உனக்கு என்ன போகுது?"

எனக்கு என்ன போகிறது என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. பழகிக்கொண்டேன். தெரிந்த கேள்வியை விட்டுவிட்டு வருவது முதலில் மனசு வராத வேலையாக இருந்தது. பிறகு உப்புக் குறைத்துச் சமைப்பது மாதிரி கை தானாகவே அளவு பார்த்துக்கொண்டது.

வெளிநாட்டில் இது இன்னும் சுலபமாயிற்று. அங்கே பரீட்சை குறைவு. வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் கட்டுரைகளுக்குத்தான் பெரும்பாலும் மார்க். சமைத்து முடித்ததும் அண்ணனுக்கு ஒரு கட்டுரை எழுதுவேன், என் முழு அறிவையும் போட்டு. அதற்குப் பிறகு எனக்கு ஒன்று எழுதுவேன், பாதி அறிவைக் கழற்றி வைத்துவிட்டு. இந்த இரண்டாவதுதான் கஷ்டம். முட்டாள்தனம் ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அண்ணன் அந்த நேரம் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் ஏதாவது விளையாடிக்கொண்டிருப்பான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தட்டில் விழுந்ததைச் சாப்பிடுகிறவன், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியை ஒரு நரைத்த தலை அம்மா. கைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். போகிற வழியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். நானும் அண்ணனும் அவருக்கு வைத்த பெயர் சுத்தியலம்மா. வகுப்பில் அவர் கேட்கிற கேள்விக்கு என்னையறியாமல் நான் பதில் சொல்லிவிடுவேன். வாய்க்கு உப்புக் குறைக்கத் தெரியவில்லை. அண்ணன் வாயே திறக்க மாட்டான். ஆனால் எழுத்தில் அவன் புலி, நான் பூனை. சுத்தியலம்மா இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அடக்கமானவர்கள், ஆழமாகத் தெரிந்தவர்கள் சபையில் பேச மாட்டார்கள் என்று அவர் யாரிடமோ சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் எங்கள் பண்பாட்டைப் படித்து வைத்திருந்தாராம். அடக்கம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எங்கள் அண்ணனுக்கு யாரும் கொடுத்ததில்லை.

நாங்கள் இருந்த அறைக்கு எதிரே ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். துணி உலர்த்தும்போதெல்லாம் அதன் பால்கனிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றிலும், சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கம் ஒரே மாதிரி விரிசல். துரு வழிந்த கறை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனித் தளத்துக்கு உள்ளே வைக்கிற கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். பாரம் அழுத்தும்போது மேல்பக்கம்தான் இழுபடும். ஆனால் கான்கிரீட் கொட்டுகிற நாளில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கம்பி வலையின் மேலேயே நடப்பார்கள். மிதிபட்டு மிதிபட்டுக் கம்பி கீழே இறங்கிவிடும். மேலே பூசி மெழுகிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் பிளக்கும்.

எவ்வளவு இறங்கினால் எவ்வளவு பலம் போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். யாரும் போடச் சொல்லவில்லை. பிடித்திருந்தது, போட்டேன். அந்தக் கட்டடத்துக்காரரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு பால்கனியாக ஏறி அளந்தேன். பருவ முடிவில் கொடுக்க வேண்டிய பெரிய கட்டுரைக்கு, அண்ணனுக்கு வேறு ஒரு தலைப்பில் வழக்கம்போல் நன்றாக எழுதி வைத்தேன். எனக்கு இதை எழுதினேன். முதல் தடவையாக எனக்கென்று உப்புப் போட்டுச் சமைத்தேன். எழுதி முடித்த அன்று அறையில் யாருமில்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் என் லேப்டாப்பைத் திறந்து இரண்டையும் படித்துப் பார்த்திருக்கிறான். படித்தானோ, படங்களை மட்டும் பார்த்தானோ. இது நன்றாக இருக்கிறதே என்று இதையே தன் பெயரில் கொடுத்துவிட்டான். நல்லது எப்போதும் அவனுக்குத்தானே? அதில் அவனுக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை. நானும் அதையே என் பெயரில் கொடுத்திருந்தேன்.

துறையிலிருந்து இருவருக்கும் விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. ஒருவர் மற்றவருடையதைத் திருடியிருக்கிறார், யாரென்று தெரிய வேண்டும், திருடியவர் வெளியே போக வேண்டும். அங்கே இதில் இரக்கமெல்லாம் கிடையாது.

அண்ணன் முதலில் செய்த காரியம் வீட்டுக்குப் போன் போட்டு அழுதது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். யார் எழுதுகிறார்கள், யார் படுத்துக்கிடக்கிறார்கள் என்பதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா என்று எனக்கு உறுதியில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நான் எழுதினதுப்பா அது," என்றேன். "அளந்தது நான். கட்டடத்துக்காரரைக் கேட்டாக் கூடச் சொல்வார்."

"யார் எழுதினா என்னம்மா? அதை நான் கேட்கலை," என்றார் அப்பா. கோபமே இல்லாத குரல். கடையில் கணக்கு முடிக்கும்போது இருக்கிற குரல். "ரெண்டு பேர்ல ஒருத்தர் திரும்பி வரணும்ங்கிறாங்க. நீ திரும்பி வந்தா, பொண்ணு, அவளுக்குப் படிப்பு ஏறலை, வந்துட்டான்னு போயிடும். ஒரு வாரம் பேசுவாங்க, மறந்துடுவாங்க. அவன் வந்தா? நான் கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா?"

"அப்ப என் படிப்பு?"

"உன்னைப் படிக்க வேண்டாம்னு யாரும்மா சொன்னா? இவ்வளவு நாள் படிக்கத்தானே வெச்சோம்?"

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "வாலு, என் கண்ணு இல்ல? அண்ணன் பாவம்டி. அவன் எதையாவது பண்ணிக்குவானோன்னு எனக்குப் பயமா இருக்கு. நீ கெட்டிக்காரி, எங்க போட்டாலும் பிழைச்சுக்குவ."

கெட்டிக்காரி என்பதற்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் பரிசு இது. கெட்டிக்காரிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். முட்டாளிடம் யார் போய்க் கேட்பார்கள்?

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்கள் கையில் இருந்த ஒவ்வொரு கட்டுரையிலும் அவன் என்னைவிட நாலு படி மேலே. அப்படி எழுதி வைத்தவள் நானேதான். கட்டடத்துக்காரர் வந்து சொன்னாலும், அண்ணனுக்காக அளந்து கொடுத்தேன் என்றுதான் ஆகும். என் கையாலேயே எனக்கு எதிராகச் சாட்சி தயாரித்து, பருவத்துக்குப் பருவம் தவறாமல் சமர்ப்பித்திருக்கிறேன்.

அடுத்து வந்த சாயங்காலங்களில் அண்ணனுக்கு என் கட்டுரையைச் சொல்லிக்கொடுத்தேன். அடுப்பில் ஒரு கண், அவன் மேல் ஒரு கண். வெங்காயம் நறுக்குகிற பலகையை மேசை விளிம்பில் நீட்டி வைத்து, நுனியை அழுத்திக் காட்டினேன்.

"பாத்தியா, நுனியில அழுத்தினா எந்தப் பக்கம் இழுபடுது?"

"மேல் பக்கம்."

"அப்ப கம்பி எங்க இருக்கணும்?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "மேல," என்றான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏய், இவ்வளவுதானா? இவ்வளவு ஈஸியா இது? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

எனக்கு அந்தப் பலகையாலேயே அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும்போல் இருந்தது. போடவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனோம். நான் நல்ல வாத்தியார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நீள மேசை, அதில் தண்ணீர்க் குவளை, மூடின ஜன்னல். துறைத் தலைவர், அலுவலகத்து ஆள் ஒருவர், சுத்தியலம்மா. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனுடைய கட்டுரையைப் பார்த்து எழுதினேன் என்று சொன்னேன். அலுவலகத்து ஆள் குறித்துக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். சுத்தியலம்மா விடவில்லை. அவர் பேசியதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"வகுப்புல உன் கண்ணைப் பார்த்திருக்கேன். எனக்கு மனசு ஒப்பலை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், சொல்லிடு. பால்கனிக்குக் கம்பி மேலயா, கீழயா?"

முதல் வருஷத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய கேள்வி. அவர் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்தது. ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு அவரே அடுத்த கேள்வி கேட்பார், அதற்கடுத்தது கேட்பார், எனக்குத் தெரிந்ததெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். பிறகு அண்ணனைக் கேட்பார்கள். அம்மா சொன்ன 'எதையாவது பண்ணிக்குவானோ' என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"கீழே," என்றேன்.

"கீழ வெச்சா?"

"நல்லாத் தாங்கும். பாரம் கீழ்நோக்கித்தானே வருது."

தவறான பதில் என்றாலும் அதற்கும் ஒரு நியாயம் வைத்துச் சொன்னேன். பல வருஷப் பழக்கம். சுத்தியலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். அருவருப்புதான் வந்தது. ஏமாந்துவிட்டோமே என்று தன்மேலேயே வந்த அருவருப்பு. அது என் மேல் படிந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

என்னை அந்த நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை. இஸ்திரி போட்டது நான். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். மேசை விளிம்பில் ஒரு புத்தகத்தை நீட்டி வைத்து நுனியை அழுத்திக் கூடக் காட்டினான். துறைத் தலைவர் தலையை ஆட்டினார். சொல்லிக்கொடுத்தது எல்லாம் முடிந்தது. அவன் எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலேயே, "இதுக்கு முன்னாடியும் என் லேப்டாப்பை எடுத்துப் பார்ப்பா. தங்கச்சியாச்சேன்னு நான்தான் பொறுத்துப்போனேன்," என்றான்.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் வாழ்க்கையில் சொந்தமாக யோசித்துச் சொன்னது அது ஒன்றுதான். சுத்தியலம்மா கை நீட்டி அவன் தோளைத் தட்டினார்.

என்னை நீக்கினார்கள். விசா போயிற்று. அண்ணனுக்குப் பால்கனிக் கட்டுரையின் பேரில், படிப்பு முடிந்ததும் சுத்தியலம்மாவிடமே ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். சொன்னேன்.

வீட்டுக்கு வந்த என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்கவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அத்தை வந்து, "எல்லாருக்கும் படிப்பு ஏறுமா? மண்டைன்னு ஒண்ணு வேணும்ல? விடு கண்ணு, கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்து" என்று கன்னத்தைத் தடவினாள். அம்மா பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள். அப்பா கடை வாசலில் அண்ணன் படத்தைப் பெரிதாகப் போட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரிவாகப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற மாதிரி.

கடைக்கு வந்த ஒரு இன்ஜினியரிடம் அப்பா அண்ணன் கட்டுரையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோன நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கம்பி எப்படிக் கீழே இறங்கும் என்று அந்த மனிதர் கேட்டார். "கான்கிரீட் போடறப்ப மிதிச்சிடுவாங்க சார்," என்று சொல்லிவிட்டேன். அப்பா சிரித்தார். "அண்ணன் சொல்லி இவளும் கத்துக்கிட்டா பாருங்க," என்றார். அன்றோடு கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனிடமிருந்து போன் வந்தது. நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அவன் குரல் உடைந்திருந்தது. சுத்தியலம்மா அடுத்த கட்டம் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவன் சாக்குச் சொல்லிச் சொல்லி ஓட்டியிருக்கிறான். நாளைக்குப் பெரிய பேராசிரியர்கள் நாலு பேர் முன்னால் நின்று விளக்க வேண்டுமாம். சொல்லாவிட்டால் பழைய கட்டுரையையும் சேர்த்துக் கிளறுவார்களாம்.

"வாலு, பக்கத்துல இருக்கியா? விரிசல் விட்ட பால்கனியை இடிக்காம எப்படிப் பலப்படுத்துறதுன்னு கேட்கிறாங்கடி. உனக்குத் தெரியும்ல? நீ சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்."

தெரியும். அளந்துகொண்டிருந்த நாளிலேயே அதையும் யோசித்து வைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாக்கில் நின்றது.

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றேன். "நான் உன்னைப் பார்த்துக் காப்பியடிச்சவதானே?"

அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. "அடிப்பாவி, பழி வாங்குற நேரமாடி இது? அவன் உன் கூடப் பொறந்தவன்டி."

"நிஜமாத் தெரியாதும்மா. எல்லாருக்கும் படிப்பு ஏறுமா?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை. அம்மாவின் பதற்றம், அண்ணனின் அழுகை, என் குரல், எல்லாவற்றையும் அவர் மனசு ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"நிஜத்தைச் சொல்லும்மா," என்றார் மெதுவாக. "அன்னிக்கு நான் காதுல வாங்கலை. அதை எழுதினது நீயா?"

எவ்வளவு காலமாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் போனை என் கையில் கொடுப்பார், நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிக்கொள்வான், அவன் படம் கடை வாசலில் இன்னும் பெரிதாகும். சொல்லாவிட்டால் அவன் நாளைக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் நிற்பான். அது எனக்கு வேண்டியிருந்தது. என் படிப்புக்குப் பதிலாக அதுவாவது எனக்கு வேண்டியிருந்தது.

"இல்லப்பா," என்றேன். "அண்ணன்தான் எழுதினான்."

அப்பா தவித்துப்போவார் என்று நினைத்தேன். பொய் என்று பாய்வார், கெஞ்சுவார், ஒரு தடவையாவது என்னிடம் கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் மூச்சை நீளமாக விட்டார். தோள்கள் இறங்கின. முகம் தெளிந்துவிட்டது. கேட்க விரும்பியது அதைத்தான்.

அம்மாவிடமிருந்து போனை வாங்கி, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"அவளைப் போய்க் கேட்கிறியேடா, அவளுக்கு என்ன தெரியும்? அவ்வளவும் நீ எழுதினதுதானேப்பா, உனக்கா வராது? பதறாம நிதானமா யோசி."

அப்பா போனை மேசையில் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டு முடித்தார்.